கொழுப்பு கரைத்த கதை

ஜி.எஸ்.டி. பற்றி எழுதுகிற பையனுக்கு இதெல்லாம் எதுக்கு என்று கேட்காதீர்கள். எங்க அக்காவுக்கு தை மாசம் கல்யாணம். கடலூர் பஸ் ஸ்டாண்டில் யாரோ கொடுத்த நோட்டீஸ் ஒன்றைக் கொண்டு வந்து நீட்டினாள். ஒரே சிட்டிங்கில் இடுப்பு குறையுமாம், தோலும் இறுகுமாம். சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டலாமா என்று என்னிடம் யோசனை. நான் படிப்பது பி.காம்! சிதம்பரம் போய்வரும் பஸ்ஸிலேயே நாலு நாள் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன்.

கதை பாரிஸில் ஆரம்பிக்கிறது. 1920களில் டுஜாரியே என்ற பெரிய சர்ஜன், ஒரு பெண்ணின் காலை ஒல்லியாக்க அறுவை சிகிச்சை செய்தார். ரத்த ஓட்டம் கெட்டு கால் அழுகி, கடைசியில் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. வழக்கு கோர்ட்டுக்குப் போய் டாக்டர் தோற்றார். அதன்பின் ரொம்ப வருஷம் இந்தப் பக்கம் போகவே பயந்தார்கள்.

1970களில் ரோமில் ஃபிஷர் என்ற அப்பாவும் மகனும் குழாய் வைத்து உறிஞ்சிப் பார்த்தார்கள். 1977ல் பாரிஸ் டாக்டர் இலூஸ், தழும்பு வேண்டாம் என்ற ஒருத்தியின் முதுகுக் கொழுப்புக் கட்டியை மொட்டை முனைக் குழாயால் எடுத்தார். அதுதான் லைப்போசக்‌ஷன். 1985 வாக்கில் கலிபோர்னியாவின் கிளைன், மரத்துப்போகும் மருந்தை நிறைய உப்புத் தண்ணீரில் கலந்து ஏற்றும் முறையைக் கொண்டுவந்தார். ரத்தம் போவது வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் இது சும்மா இல்லை. 2022 மே மாதம் பெங்களூருவில் 21 வயது சின்னத்திரை நடிகை ஒருவர் கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் பிறகு இறந்துபோனார்.

அடுத்தது கத்தியே இல்லாத காலம். ஐஸ் குச்சி சப்பும் குழந்தைகளுக்குக் கன்னத்தில் கொழுப்பு கரைவதை 1970லேயே டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள் (ஐஸ்காரர் நமக்குச் சொல்லவேயில்லை பாருங்க!). அதை வைத்து ஹார்வர்டு டாக்டர்கள் உருவாக்கிய குளிர் சிகிச்சைக்கு அமெரிக்காவில் 2010ல் அனுமதி கிடைத்தது. ஒரு இடத்துக் கொழுப்பில் சுமார் 20 சதவீதம் குறையும், அதுவும் மெதுவாக, இரண்டு மூன்று மாசத்தில். சிலருக்குக் குறைவதற்குப் பதில் அந்த இடம் தடித்துப்போகும். மாடல் லிண்டா எவாஞ்சலிஸ்டா தனக்கு அப்படி ஆனதாக 2021ல் வெளிப்படையாகச் சொன்னார். தோலை இறுக்கும் ரேடியோ அலை 2002ல் வந்தது. உள்ளே சூடு பட்டு புதுக் கொலாஜன் உருவாகவே மாசக்கணக்காகும். ரொம்பத் தொங்கிய தோலுக்கு அது போதாது.

இனி நம்ம சப்ஜெக்ட். 1954லேயே நம் நாட்டில் மாய மருந்து விளம்பரங்களுக்கு எதிரான சட்டம் வந்துவிட்டது. அதன் பட்டியலில் உடல் பருமனும் உண்டு. ஆனால் மெஷினுக்கு வந்த அடி 2025ல்தான். ஒரே செஷனில் 600 கிராமும் 7 சென்டிமீட்டரும் குறையும் என்று விளம்பரம் செய்த வி.எல்.சி.சி.க்கு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 3 லட்சம் அபராதம் போட்டது. உத்தரவில் ஆணையம் சொன்னது: இந்த மெஷின் உடம்பில் சில இடங்களில் புடைத்திருக்கும் கொழுப்பைக் குறைக்கத்தான், எடை குறைக்க இல்லை, பி.எம்.ஐ. 30க்குள் இருப்பவர்களுக்குத்தான். அமெரிக்காவில் காட்டிய சோதனையில் இந்தியர்களே இல்லை என்பதும் அதில் வருகிறது. ஆனானப்பட்ட கம்பெனிக்கே இந்த கதி என்றால், பஸ் ஸ்டாண்டு நோட்டீஸை என்ன சொல்வது? 3 லட்சம் அவர்களுக்கு ஒரு நாள் விளம்பரச் செலவுகூட இருக்காது என்பது என் கருத்து.

அக்காவிடம் எல்லாம் சொன்னேன். "அப்போ தைக்குள்ள குறையாதா?" என்றாள். "இப்ப ஐப்பசி. குறைஞ்சாலும் ஜாக்கெட் அளவு மாறுற மாதிரி இருக்காதுக்கா" என்றேன். கொஞ்ச நேரம் முறைத்தாள். சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறதே, முதலில் தோல் டாக்டரிடம் ஓ.பி. சீட்டு போட்டுக் கேட்டுவிட்டு வரலாம் என்று முடிவாகியிருக்கிறது. சீட்டுப் பணம் இன்னும் எடுக்கவில்லை.