மூதவையும் நாமும்

கொட்டாஞ்சேனையில் என் சிறுபராயத்தில், ‘செனற்றர்’ என்ற சொல்லைப் பெரியவர்கள் மரியாதையோடுதான் உச்சரிப்பார்கள். கோட்டையில் இன்று வெளிநாட்டமைச்சு இயங்கும் பழைய கட்டடத்தில்தான் அந்த மூதவை கூடியது.

சோல்பரி யாப்பின்கீழ் 1947இல் உருவான அச்சபையில் 30 பேர். 15 பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிவுசெய்தது. மற்றைய 15 பேரைப் பிரதமரின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமித்தார். சிறுபான்மையினருக்கு அது அரணாகும் என்று நம்பினோர் பலர். நம்மவரான சேர் ராசிக் பரீத்தும் அங்கு அமர்ந்தார். ஆனால் 1948இல் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய பிரஜாவுரிமைச் சட்டமும், 1956இல் தனிச்சிங்களச் சட்டமும் அச்சபையைத் தாண்டியே நிறைவேறின. பெரும்பான்மை அனுப்பிய காவலர் பெரும்பான்மையை மறிப்பது எங்ஙனம்? தெரிவுமுறையைத் திருத்தாமல் 1971 ஒக்டோபர் 2இல் சபையையே ஒழித்தார்கள்.

2017இல் வழிநடத்தற்குழுவின் இடைக்கால அறிக்கை 55 பேர் கொண்ட இரண்டாம் சபையொன்றை முன்மொழிந்தது. 45 பேர் மாகாண சபைகளிலிருந்து, மாகாணத்துக்கு ஐவராக வருவர். எஞ்சிய பதின்மரைப் பாராளுமன்றம் தெரிவுசெய்யும். நல்லதுதான். எனினும் மேல்மாகாணத்தின் ஐந்து இடங்களில் வெள்ளவத்தைத் தமிழருக்கோ கொட்டாஞ்சேனை முஸ்லிமுக்கோ ஓரிடம் கிடைக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? சிதறி வாழும் நாம், மூதவை வேண்டுமா என்பதற்கு முன் கேட்கவேண்டியது, அதற்கு ஆளனுப்பும் கை யாருடையது என்பதையே.