15 குண்டுகள்

போர் விமானம் என்றாலே சரமாரியாகச் சுட்டுத் தள்ளும் என்று சினிமா நம்மைப் பழக்கிவைத்திருக்கிறது. திருநீர்மலைக்கு மேலே தாம்பரம் பயிற்சி விமானங்கள் வட்டமடிக்கும்போது எனக்கு ஞாபகம் வருவது வேறொரு கணக்கு.

இரண்டாம் உலகப்போரில், பர்மா முனையில், பிரிட்டிஷ் விமானப்படையின் 20ஆம் ஸ்குவாட்ரனிடம் ஹரிக்கேன் 2டி விமானங்கள் இருந்தன. இறக்கைக்கு ஒன்றாக இரண்டு 40 மில்லிமீட்டர் விக்கர்ஸ் பீரங்கிகள். ஒவ்வொன்றுக்கும் 15 குண்டுகள், அவ்வளவுதான். நிமிடத்துக்குச் சுமார் 100 என்ற வேகத்தில் சுட்டால் 9 நொடியில் காலி. 1944இல் அசாமின் ஹைலாகண்டியிலிருந்து பறந்த அமெரிக்க பி-25எச் விமானத்தின் மூக்கில் 75 மில்லிமீட்டர் பீரங்கி. அதற்கு 21 குண்டுகள். ஒவ்வொன்றையும் ஓர் ஆள் கையால் திணிக்கணும்.

குண்டு பெரிசானால் எடை கூடும், எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்தால் குறி தப்பக்கூடாது. அதனால் விமானி தாழ்வாக, நேராக, நெருங்கிப் போகணும். கீழேயிருந்து சுடுபவனுக்கும் அதுதான் வசதி.

மெமரி குறைந்த கருவிக்கு கோட் எழுதியவர்களுக்கு இந்தச் சிக்கனம் புரியும். ஆனால் அரக்கான் ஆறுகளில் ஹரிக்கேன்கள் தேடிச் சுட்டது, ஜப்பானியருக்குச் சரக்கு ஏற்றிப்போன சம்பான் படகுகளை. மேலேயிருந்து பார்த்தால் ராணுவச் சரக்குப் படகும் ஊர்க்காரர் படகும் ஒன்றுபோலத்தான் இருக்கும். குண்டை எண்ணி எண்ணிச் சுட்டவருக்கு, படகில் இருப்பது யார் என்று யோசிக்க எத்தனை நொடி கிடைத்திருக்கும்?