காந்தளூர்ச் சாலையிலிருந்து கணக்கு வகுப்பு வரை

திருவனந்தபுரத்தில் ஒருவர் "சாலைக்குப் போறேன்" என்றால், ஏதோ ஒரு ரோட்டுக்குப் போகிறார் என்று பொருளல்ல. கிழக்கேகோட்டைக்கும் கிள்ளிப்பாலத்துக்கும் நடுவே நீளும் கடைத்தெருதான் நம்ம சாலை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் இதை அமைத்தார். அன்று தொட்டுத் தமிழ் வணிகர்கள் இங்கே குடியேறினார்கள். இத்தெருவில் கடை வைத்திருந்த ஆ. மாதவன் இதையே தம் கதைகளில் எழுதினார்.

இதற்கும் முன்னால் 'சாலை' என்ற சொல்லுக்குக் கல்விக்கூடம் என்ற பொருளும் இருந்தது. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி காந்தளூர்ச் சாலையைக் குறிப்பிடுகிறது. அந்த ஊர் இன்றைய வலியசாலைப் பகுதியே என்பாரும் உளர், மறுப்பாரும் உளர். அந்த வழக்கு நிற்க. ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866 அளவில் பார்த்திவசேகரபுரத்தில் காந்தளூரை முன்மாதிரியாகக் கொண்டு ஒரு சாலை நிறுவி, 95 மாணவர்க்கு இடம் வகுத்தான். அங்கே சேர இலக்கணம் தெரிந்தால் மட்டும் போதாது. மூன்று நாட்டு நடைமுறையும் தெரிந்திருக்க வேண்டுமென்று செப்பேடு கூறுகிறது. தன் பாடம் மட்டும் தெரிந்தவனைக் கற்றவனாக அக்காலத்தார் கொள்ளவில்லை என்பது நோக்கத்தக்கது.

பிற்காலத்தும் அந்த மரபு இந்நகரில் அற்றுப்போகவில்லை. மகாராஜா கல்லூரிப் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளையை (1855–1897) நாம் 'மனோன்மணீயம்' கொண்டே நினைக்கிறோம். அறிவுத்துறைகளை வகைப்படுத்தி 'நூற்றொகை விளக்கம்' என்று தமிழில் எழுதியவரும் அவரே. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954) இங்குள்ள பெண்கள் போதனாமுறைப் பாடசாலையில், அதாவது ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளியில், பணியாற்றினார்.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன; சாலை கேரளத்தில் நின்றது. அதே ஆண்டு அரசியல் சட்டத்தில் சேர்ந்த 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்யச் சொல்கிறது. சாலையில் அரசு தமிழ்ப் பள்ளி இருக்கிறது. கேரள அரசு கணக்கு, அறிவியல் பாடநூல்களைத் தமிழிலும் அச்சிடுகிறது. புத்தகம் உண்டு, பள்ளியும் உண்டு. ஆசிரியர்?

கணக்குக்கு மொழி எதற்கு, எண் எல்லாருக்கும் ஒன்றுதானே என்பார்கள். ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். தமிழில் சதுரம் என்றால் நான்கு பக்கமும் சமம். மலையாளத்தில் 'சதுரம்' என்பது நம் செவ்வகம். நம் சதுரம் அவர்களுக்குச் 'சமசதுரம்'. மலையாளத்தில் பயின்ற ஆசிரியர் தமிழ் வகுப்பில், "8 மீட்டர் நீளமுள்ள சதுரம்" என்று தொடங்கினால், அகலம் 5 என்று அவர் சொல்லி முடிக்குமுன்பே பிள்ளை 64 என்று எழுதிவிடும். அவர் எதிர்பார்க்கும் விடை 40. பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்று குறித்துவிடுவார். உண்மையில் அங்கே தவறியது கணக்கா? இன்னும் பாருங்கள்: அவர்கள் 'விருத்தம்' என்பது நம் வட்டம், நமக்கோ விருத்தம் ஒரு பாவகை. நம் விசை அவர்களுக்குப் 'பலம்'. முற்றிலும் அந்நியமான சொல்லென்றால் பிள்ளை கேட்டுத் தெரிந்துகொள்ளும். தெரிந்த சொல்லே வேறு பொருளில் வரும்போது கேட்கத் தோன்றாது. ஆபத்து அங்கேதான்.

கடல் கடந்தும் இதே கதைதான். சான்பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் தெரியாத சீனப் பிள்ளைகளுக்காக நடந்த லௌ வழக்கில், ஒரே புத்தகமும் ஒரே ஆசிரியரும் தந்துவிட்டால் மட்டும் சமவாய்ப்பு ஆகிவிடாது என்று 1974இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே கணக்கு, அறிவியல் ஆசிரியர்களுக்கும் இதற்கெனப் பயிற்சி தரப்படுவதற்கு இத்தகைய தீர்ப்புகள் வழி திறந்தன.

நம் ஆசிரியர்க்கும் அது வேண்டும். பெரிய வித்தை ஒன்றுமில்லை. இரு மொழிக் கலைச்சொல்லையும் கரும்பலகையில் அருகருகே எழுதுவது, படம் வரைந்து காட்டிவிட்டுச் சொல்லைச் சொல்வது, விடை தவறானால், "எப்படிப் போட்டாய்?" என்று பிள்ளையையே அதன் மொழியில் விளக்கச் சொல்வது. இவை ஆசிரியர் பயிற்சியிலேயே இடம்பெற வேண்டும்.

சாலைக் கடைகளில் அரை, கால், முக்கால் என்ற சொற்களில் இரு மொழிக்காரர்க்கும் சண்டை வந்ததில்லை. எடைக்கல்லை இருவரும் கண்ணால் பார்த்தார்கள். வகுப்பறையிலும் அந்தத் தராசைப் பிடிக்கத் தெரிந்த ஆசிரியரைக் கேட்டுப் பெறுவது தமிழ்ச் சங்கங்களின் கடமையெனலாம். ஆண்டுவிழாவில் பாராட்டிப் பரிசு கொடுப்பதோடு நம் வேலை முடிந்துவிடவில்லை.