பெயர் எழுதப்படாத படங்கள்

2014ஆம் ஆண்டு, வீட்டில் இருப்பவற்றுள் ஆகப் பழைய புகைப்படத்தைக் கொண்டுவரும்படி என் வகுப்பு மாணவர்களிடம் சொல்லியிருந்தேன். வட்டார வரலாற்றை ஏட்டிலிருந்து மட்டுமே சொல்லிக்கொண்டிருப்பதில் எனக்கே சலிப்புத் தட்டியிருந்தது. சிதம்பரம் நகரத்துப் பிள்ளைகள் சட்டமிட்ட தாத்தாக்களோடு வந்தார்கள். ஸ்டூடியோத் திரைச்சீலையில் தீட்டிய பூங்காவுக்கு முன்னால் கை வைத்த நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்த தாத்தாக்கள். பரங்கிப்பேட்டைக்கு வடக்கே ஒரு குப்பத்திலிருந்து வந்த மாணவன் மட்டும் வெறுங்கையோடு நின்றான். "சுனாமியில போயிடுச்சுங்க ஐயா" என்றான்.

2004 டிசம்பர் 26 அன்று கடலூர் மாவட்டத்தில் இறந்தவர்கள் 600க்கும் மேற்பட்டோர். வீடுகள், படகுகள், வலைகள் எல்லாம் கணக்கெடுக்கப்பட்டன, ஈடும் வழங்கப்பட்டது. புகைப்பட ஆல்பங்களை எவரும் கணக்கெடுக்கவில்லை. எடுத்திருக்கவும் முடியாது, அந்த வேளையில் அது யாருடைய கவலை? அந்த மாணவனின் பாட்டனாருக்கு இன்று எஞ்சியிருக்கும் ஒரே உருவம், வாக்காளர் அடையாள அட்டையிலிருந்த தபால்தலை அளவுப் படத்தைப் பெரிதாக்கி, கழுத்துக்குக் கீழே யாருடையதோ ஒரு வெள்ளைச் சட்டையைப் பொருத்தி, சுவரில் மாட்டியிருப்பதுதான்.

இக்கரைக்கு எழுத்து வரலாறு இல்லாமலில்லை. 1690இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து வாங்கியபோது, பீரங்கிக் குண்டு விழுந்த தூரம்வரை நிலம் அவர்களுக்கு என்று ஏற்பாடு. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் இன்றும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. 1746 முதல் 1752 வரை சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடம் இதுவே. 1758இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்து இடித்தனர். 1781இல் ஐதர் அலி பரங்கிப்பேட்டையில் தோற்றார். இவையெல்லாம் 1878இல் கார்ஸ்டின் எழுதிய தென்னார்க்காடு மாவட்டக் கையேட்டிலும், 1906இல் பிரான்சிஸ் எழுதிய கெசட்டியரிலும் விரிவாகக் கிடைக்கும். கோட்டையும் போரும் நிலவரியும் அவற்றில் பெற்ற இடத்தை, குண்டு விழுந்த மணலில் வலை உலர்த்தியவர்கள் பெறவில்லை.

படங்களின் கதையும் ஏறத்தாழ இதேதான். 1857, 1858ஆம் ஆண்டுகளில் மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக லினியஸ் டிரைப் தெற்கே பயணம் செய்து திருவரங்கம், தஞ்சை, மதுரைக் கோயில்களை மெழுகேற்றிய தாள் நெகடிவ்களில் பதிவு செய்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டிய அவருடைய நெடும்படம் ஒன்று ஏறத்தாழ 19 அடி நீளம். பின்னர், மதராசில் ஸ்டூடியோ நடத்திய நிக்கலஸ் நிறுவனத்தார் சிதம்பரம் கோயிலை எடுத்தார்கள். அப்படங்கள் இலண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அன்றைய படக்கருவிக்கு அசையாத பொருள் வேண்டும். கோபுரம் அசையாது. நடந்துபோகிற மனிதன் படத்தில் புகையாகக் கரைந்துபோவான். அல்லது அறவே இல்லாமற்போவான்.

ஆனால் கருவியின் மீதே முழுப் பழியையும் போட்டுவிட முடியாது என்பதற்கு ஸ்காட்லாந்திலிருந்து ஒரு சான்று உண்டு. டிரைப்புக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முன்னரே, எடின்பரோவை அடுத்த நியூஹேவன் என்ற மீனவச் சிற்றூரில் ஹில் என்ற ஓவியரும் ஆடம்சன் என்ற இளைஞரும் அவ்வூர் மக்களையே படமெடுத்தார்கள். அவர்களுடையதும் தாள் நெகடிவ்தான். அங்கும் அசையாமல்தான் நிற்க வேண்டும். அலையில் படகு தள்ளும் காட்சியை எடுக்க இயலவில்லை. ஆகவே மீன்கூடையோடு நிற்கும் பெண்களையும், கரையேற்றிய படகில் சாய்ந்திருக்கும் ஆண்களையும் எடுத்தார்கள். அப்பெண்களில் சிலருடைய பெயர்கள் இன்றைக்கும் தெரியும். எனக்கு வியப்பு அதில்தான்.

நம் பக்கத்தில் மீனவர் படத்துக்குள் வந்தது பெரும்பாலும் இனவரைவியல் வழியாக. 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் நூலில் மனிதர்கள் சாதி வகைக்கு எடுத்துக்காட்டாக நிற்கிறார்கள். படத்தின் கீழே இருப்பது குலப்பெயர், ஆளின் பெயரன்று. தர்ஸ்டன் மூக்கின் அகலத்தை அளந்தவர். பெயரைக் கேட்க அவருக்குத் தோன்றவில்லை போலும்.

ஸ்டூடியோக்கள் பெருகிய பிறகு நிலைமை சற்று மாறியது. திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் குப்பத்து மக்கள் நகரத்துக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள். பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, 2010களில் தமிழகத்துப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி மின்வருடிப் பாதுகாத்தது. நல்ல பணி. ஆனால் கடற்கரை வீட்டின் தகரப்பெட்டிக்குள் இருந்தவை அதற்கு முன்பே போய்விட்டன. 2011 ஆழிப்பேரலைக்குப் பின் ஜப்பானின் யாமாமோட்டோ நகரில், சேற்றிலிருந்து பொறுக்கிய ஏறத்தாழ ஏழரை லட்சம் படங்களைத் தன்னார்வலர்கள் கழுவி உலர்த்தி உரியவர்களிடம் சேர்க்க முயன்றதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

அடுத்த மாதம் அந்த மாணவன் ஒரு படத்தோடு வந்தான். புவனகிரியில் வாழ்க்கைப்பட்ட அவனுடைய பெரிய அத்தை வீட்டில் கிடைத்ததாம். கறுப்பு வெள்ளை, ஓரம் செல்லரித்தது. மணலில் ஒரு கட்டுமரம். மரங்களைப் பிணைத்த கயிற்றின் முடிச்சுகூடத் தெளிவாகத் தெரிகிறது. சுனாமிக்குப் பின் தொண்டு நிறுவனங்கள் வாரி வழங்கிய ஃபைபர் படகுகளுக்கிடையே வளர்ந்த அவன், அந்த முடிச்சை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் கம்புகளில் உலரும் வலை கருத்துக் கிடக்கிறது. நைலான் வருவதற்கு முன் பருத்தி நூல் வலைக்கு மரப்பட்டைச் சாறேற்றுவார்கள், அந்தக் கருமை. அதைக்கொண்டு படத்தின் காலத்தை 1960களுக்கு அப்பால் தள்ளத் தயங்கினேன். அத்தையோ, தன் கல்யாணத்துக்கு முந்தைய மாசி மகத்தன்று எடுத்தது என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

படத்தில் பதின்மூன்று பேர். ஒரு ஞாயிற்றுக்கிழமை புவனகிரிக்குப் போய், அத்தை சொல்லச் சொல்ல, படத்தின் பின்புறம் பென்சிலால் அவனே பெயர்களை எழுதினான். இடமிருந்து நான்காவது ஆள் அவன் பாட்டனார். இருபது வயதிருக்கலாம், சட்டையில்லாமல் சிரித்துக்கொண்டிருக்கிறார். பதினொரு பெயர்கள் சேர்ந்தன. வலப்பக்க ஓரத்தில் நிற்கும் இரண்டு சிறுவர்களை அத்தைக்கு அடையாளம் தெரியவில்லை. பக்கத்துக் குப்பத்துப் பிள்ளைகளாக இருக்கும், படம் எடுக்கிறார்கள் என்று ஓடிவந்து நின்றிருப்பார்கள் என்றார்.