எலிகள் சொன்ன இரத்தக் கொதிப்பின் வரலாறு



பொந்தியான் வட்டாரத் தோட்டங்களில் இரத்தக் கொதிப்பைப் பற்றிக் கேள்விப்படாத குடும்பம் இருக்க முடியாது. கிளினிக்கிலிருந்து மாத்திரையோடு திரும்பும் நம் பெரியவர்கள், "எங்க அப்பாவுக்கும் இருந்தது, எனக்கும் வந்துவிட்டது, எல்லாம் தலையெழுத்து" என்பார்கள். சிலர் அப்படிச் சொல்லியே மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். அந்தச் சொல்லில் பாதி உண்மை; மறுபாதி உயிருக்கே ஆபத்தான தவறு. இரண்டையும் பிரித்துக் காட்டியவை விலங்குகள், அவற்றிலும் முக்கியமாக எலிகள். அந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

இரத்தத்திற்கு அழுத்தம் உண்டு என்பதை முதன்முதலில் அளந்து காட்டியவர், ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியார். ஒரு பெண் குதிரையின் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதனுடன் நீண்ட கண்ணாடிக் குழாயை இணைத்தார். இரத்தம் 8 அடி 3 அங்குல உயரத்திற்கு ஏறி நின்றது. இதை அவர் 1733இல் நூலாக வெளியிட்டார். 1898இல் சுவீடன் நாட்டில் டைகர்ஸ்டெட், பெர்க்மன் என்ற இருவர், முயலின் சிறுநீரகச் சாற்றில் இரத்த அழுத்தத்தை ஏற்றும் பொருள் ஒன்று இருப்பதைக் கண்டு, அதற்கு 'ரெனின்' என்று பெயரிட்டார்கள். அழுத்தத்தை ஆள்வதில் சிறுநீரகத்திற்குப் பெரும் பங்கு உண்டு என்பது இப்படித் தெரியவந்தது.

ஆனால் ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிடும் அண்ணன் தம்பியரில் ஒருவருக்கு மட்டும் கொதிப்பு வருவது ஏன்?

இதை விளங்கிக்கொள்ள நமக்குத் தெரிந்த பால்மரத்தையே நினைத்துப் பார்ப்போம். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற மரத்தைப் பழைய பால்வெட்டுக்காரர்கள் நன்கு அறிவார்கள். இரண்டு நல்ல மர வகைகளைக் கலந்து, பொறுக்கி எடுத்து உண்டாக்கிய வகை அது. அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்துப் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் லூயிஸ் டால் என்ற மருத்துவரும் எலிகளை இப்படித்தான் பொறுக்கினார். எல்லா எலிகளுக்கும் உப்பு மிகுந்த தீனி போட்டார். சிலவற்றுக்கு அழுத்தம் ஏறியது, சிலவற்றுக்கு ஏறவில்லை. ஏறியதை ஏறியதோடும், ஏறாததை ஏறாததோடும் சேர்த்துக் குட்டி போடவைத்தார். சில தலைமுறைகளிலேயே இரண்டு வம்சங்கள் பிரிந்துவிட்டன. 1962இல் இது வெளிவந்தது. 1974இல் அவர் குழுவினர் இவ்விரு வம்சங்களுக்குள் சிறுநீரகத்தை மாற்றிப் பொருத்தினார்கள். உப்புக்கு இளகும் எலியின் சிறுநீரகத்தைப் பெற்ற எலிக்கு அழுத்தம் ஏறியது. மற்ற வம்சத்துச் சிறுநீரகத்தைப் பெற்றதற்கு இறங்கியது.

ஜப்பானில், கியோத்தோ பல்கலைக்கழகத்து ஒகமோட்டோவும் ஆவோக்கியும் 1963இல் வேறொரு வம்சத்தை அறிவித்தார்கள். அதற்கு உப்பைக் கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. வளர வளர அழுத்தம் தானாகவே ஏறியது. ஆகவே பரம்பரை என்பதும் ஒரே வகையானதன்று.

பரம்பரைக் குணத்தைத் தாங்கி வருவது மரபணு. 1995இல் அமெரிக்காவில் ஆலிவர் ஸ்மிதீஸ் குழுவினர், அழுத்தத்தை ஏற்றும் பொருளோடு தொடர்புடைய ஒரு மரபணுவைச் சுண்டெலிகளில் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். ஒவ்வொரு பிரதி கூடும்போதும் அழுத்தம் ஏறக்குறைய 8 எண் ஏறியது. மரபணுவை மாற்றும் முறையைக் கண்டதற்காக ஸ்மிதீஸ் 2007இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்த ஆராய்ச்சி நம் மூதாதையர் ஊர்ப்பக்கமும் வந்தது. குரோமோகிரானின் என்ற புரதத்தின் மரபணுவை நீக்கிய சுண்டெலிகளுக்கு அழுத்தம் ஏறியதையும், மனிதரின் அதே மரபணுவைச் சேர்த்ததும் சீரானதையும் 2005இல் வெளியிட்டவர்களில் ஒருவர் நிதீஷ் மகாபாத்ரா. பின்னர் அவர் சென்னை ஐ.ஐ.டி.யில் பணியாற்றினார். சென்னையிலும் சண்டிகரிலும் ஏறக்குறைய 4000 பேரைச் சோதித்து, அந்த மரபணுவில் ஒரு சிறு மாற்றம் உடையவர்களுக்குக் கொதிப்பு வரும் வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்கு என்று அவர் குழுவினர் 2016இல் தெரிவித்தனர். வாய்ப்பு கூடுதல் என்றார்களே தவிர, கட்டாயம் வரும் என்று சொல்லவில்லை. மனிதரிடம் ஒரு மரபணு மட்டும் வேலை செய்வதில்லை. பல சேர்ந்து சிறிது சிறிதாக இழுக்கின்றன.

இப்போது டாலின் எலிகளுக்குத் திரும்புவோம். உப்புக்கு இளகும் அதே வம்சத்து எலிகளுக்கு உப்புக் குறைந்த தீனி போட்டபோது, அழுத்தம் அந்த அளவுக்கு ஏறவில்லை. வம்சம் அதுவேதான், தீனிதான் மாறியது. நல்ல கன்றையும் கெட்ட மண் கெடுத்துவிடும். சுமாரான கன்றையும் நல்ல கவனிப்பு காப்பாற்றிவிடும் என்பது நமக்குத் தெரியாததா?

ஆகவே, அப்பாவுக்குக் கொதிப்பு இருந்தது என்றால், அதை முன்கூட்டி வந்த எச்சரிக்கையாகக் கொள்வோம். 2019இல் நம் நாட்டில் எடுத்த தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் பத்துப் பேரில் மூவருக்குக் கொதிப்பு இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது தெரியவே தெரியாது. தலைவலி வந்தால் பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம். இந்த நோய் பெரும்பாலும் சொல்லாமல் வரும். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கருவாடு, ஊறுகாய், கிச்சாப்பு ஆகியவற்றில் இருப்பதும் இந்தக் கணக்கில் சேரும்.

தாய்மார்களே, அடுத்த முறை பெரியவரைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லும்போது, வளர்ந்த பிள்ளைகளையும் கூட்டிச் சென்று கையில் பட்டை கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தவிடாதீர்கள்.