பிள்ளைகளின் பத்திரங்களில் தகப்பன்: பத்து ஆராங் சுரங்கத் தமிழரைத் தேடும் வழி

மலாயாத் தமிழர் வரலாறு ரப்பர்த் தோட்டத்தை நடுவில் வைத்து எழுதப்பட்டது. கெர்னியல் சிங் சந்து 1969இலும் சின்னப்பா அரசரத்தினம் 1970இலும் வெளியிட்ட பெருநூல்களைத் தொடர்ந்து வந்த ஆய்வுகளிலும் கங்காணியும் லயமும் செக்ரோல் என்ற வருகைப் பதிவேடுமே முன்னால் நிற்கின்றன. மிகப் பெரும்பாலோர் உழைத்த இடம் தோட்டம்தான் என்பதால் இதில் நியாயம் உண்டு. ஆனால் தோட்டம் தமிழருடையது, சுரங்கம் சீனருடையது என்ற பாகப்பிரிவினை வேரூன்றியதில், நிலக்கரி வெட்டிய தமிழர் இரண்டு வரலாறுகளிலும் இடமில்லாமல் போனார்கள். அவர்களை மீட்க முடியும். அதற்கு அவர்கள் பெயரிலுள்ள காகிதங்களைவிட அவர்கள் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களே உறுதியான வழி என்பது என் வாதம்.

முதலில் இடம். சிலாங்கூரில் ரவாங்குக்கு அருகில் உள்ளது பத்து ஆராங். ஜே. ஏ. ரஸல் முன்னின்று 1913இல் தொடங்கிய மலாயன் கோலியரிஸ் நிறுவனம் 1915 முதல் அங்கே நிலக்கரி எடுத்தது. குவாங்கிலிருந்து பிரிந்த கிளை ரயில்பாதை வழியாக அந்தக் கரி மலாயா ரயில்வேக்கும் மின் நிலையங்களுக்கும் போனது. தானாகவே தீப்பற்றிக்கொள்ளும் இயல்புள்ள கரி அது. வெட்டிக் குவித்து வைப்பதே ஆபத்து. தரைக்கடியில் சுரங்கம், மேலே திறந்த வெட்டுக்குழி என இரண்டு முறைகளிலும் வேலை நடந்தது. செங்கல் சூளையும் ஒட்டுப்பலகை ஆலையும் அதே நிறுவனத்தின் கீழ் இயங்கின. ஆகவே ‘கோலியரியில் வேலை’ என்று ஓர் ஆவணம் சொன்னால், அந்த மனிதர் குழிக்குள் இறங்கினார் என்று உடனே முடிவுகட்டக் கூடாது.

தொழிலாளரில் பெரும்பான்மையோர் ஒப்பந்தக்காரர்கள் மூலம் சேர்க்கப்பட்ட சீனர். 1936 நவம்பரில் வேலைநிறுத்தம் வந்தது. 1937 மார்ச்சில் தொழிலாளர்கள் சுரங்கத்தையே தங்கள் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ள, அம்மாத இறுதியில் காவல்துறை புகுந்து அதை மீட்டது. யோ கிம் வா உள்ளிட்ட வரலாற்றாசிரியர்கள் இந்தப் போராட்ட அலையை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். கம்யூனிஸ்ட் கட்சியின் வளர்ச்சியே அங்கு கேள்வி என்பதால், தமிழ்த் தொழிலாளி அந்தப் பக்கங்களில் ஓரத்தில்கூட அதிகம் தென்படுவதில்லை.

குடும்ப நினைவும் இதே தவற்றைச் செய்கிறது. சிங்கப்பூரின் பிடோக்கில் வாழும் என் தாய்வழிக் குடும்பத்தில், கொள்ளுத்தாத்தா ‘தோட்டத்தில் இருந்தார்’ என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பெரியம்மா வீட்டு அலமாரியில் பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருந்த பத்திரங்கள் வேறு கதை சொல்லின. வீட்டில் இன்றும் ‘சூராட் பிரானாக்’ என்று அழைக்கப்படும் பிறப்புப் பத்திரங்கள் அவை. மடிப்புகளில் கிழிந்து, பின்பக்கம் ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தது. மூத்த மகளுடைய பத்திரத்தில் பிறந்த இடம் சிலாங்கூரில் ஒரு ரப்பர்த் தோட்டம். தகப்பன் தொழில், கூலி. அடுத்த மகனுடையதில் இடம் பத்து ஆராங். தொழில், கோலியரித் தொழிலாளி. போருக்குப் பின் பிறந்த மகனுக்கும் அதே இடம், அதே தொழில். கடைசி மகள் பிறந்தது சிங்கப்பூரில். அதற்குள் தகப்பன் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். நான்கு காகிதங்களை வரிசையாக வைத்தால் ஒருவருடைய உழைப்பு வாழ்க்கையின் எலும்புக்கூடு கிடைத்துவிடுகிறது. அவற்றில் ஒன்றுகூட அவர் பெயரில் எடுத்ததல்ல.

அவர் பெயரில் உள்ளவை ஏன் போதவில்லை? நம்மவர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. காது கேட்டபடி கிராணி எழுதியதுதான் ஆங்கிலப் பெயர். ஒரே ஆள் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று ஆளாகிவிடுவார். பிள்ளையின் பத்திரத்திலோ தகப்பன் பெயரும் தாய் பெயரும் சேர்ந்தே நிற்கின்றன. தகப்பன் பெயர் திரிந்தாலும் தாய் பெயரைக் கொண்டு ஆளை உறுதி செய்துகொள்ளலாம். என் தேடலில் கைகொடுத்தது கொள்ளுப்பாட்டியின் பெயர்தான்.

அடையாள அட்டை தாமதமாக வந்த ஆவணம். 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. ஜூலையில் கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் பத்து ஆராங்கைத் தாக்கினார்கள். அந்த நெருக்கடியில்தான் படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அட்டை எல்லாருக்கும் கட்டாயமானது. அதற்கு முந்தைய உழைப்பைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. 1960இல் சுரங்கம் மூடப்பட்டபோது சிங்கப்பூருக்கு வந்தவர்கள் கடப்பிதழ் எதுவும் இல்லாமலேயே ஜோகூர் பாலத்தைக் கடந்தார்கள். கடப்பிதழ் கட்டாயமானது சிங்கப்பூர் தனி நாடான பிறகுதான். வந்த ஆண்டை எந்தக் குடிநுழைவுப் பதிவிலும் தேடிப் பயனில்லை. அது கடைசிப் பிள்ளை இங்கே பிறந்த தேதிக்கும் அதற்கு மூத்த பிள்ளை பத்து ஆராங்கில் பிறந்த தேதிக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

இந்த முறைக்கு ஊனம் உண்டு. பிள்ளை பிறந்த நாளில் தகப்பன் எங்கிருந்தார் என்பதற்கு மட்டுமே பத்திரம் சாட்சி. இடைப்பட்ட ஆண்டுகளுக்கு அல்ல. எங்கள் குடும்பத்தில் 1942 முதல் 1945 வரை ஒரு காகிதமும் இல்லை. ஜப்பானியர் ஆயிரக்கணக்கான தமிழரை சயாம் பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோன காலம் அது. அவர் சுரங்கத்திலேயே இருந்தாரா, வேறெங்கும் கொண்டுபோகப்பட்டாரா என்பதைப் பத்திரங்களின் மௌனத்திலிருந்து ஊகிப்பது வரலாறு ஆகாது. பிள்ளையில்லாத தொழிலாளியும் தனியாளாக வந்து தனியாளாகவே இறந்தவரும் இந்த வலையில் சிக்குவதே இல்லை. என்னை மிகவும் வருத்தும் குறை இதுதான். பிள்ளைகள் வழியே எழுதும் வரலாறு குடும்பம் அமைந்தவர்களின் வரலாறாகவே இருக்கும்.

ஊர்ப் பக்கம் தேட இன்னொரு காகிதம் உண்டு. நம் ஆய்வாளர்கள் அதை ஆவணமாக மதித்ததாகத் தெரியவில்லை. அது கல்யாணப் பத்திரிகை. பழைய பத்திரிகைகளில் இருவீட்டார் பெயருக்கு முன் ஜில்லா, தாலுகா, கிராமம் என்று அச்சிடுவது வழக்கம். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த மகளின் திருமணத்துக்குக்கூடத் தாத்தாவின் ஊர் பத்திரிகையில் ஏறியது. அரசாங்கக் கிராணி கைபடாத, குடும்பமே தன்னைப் பற்றித் தமிழில் எழுதிய வரி அது. அந்த ஊர்ப் பெயர் கையிலிருந்தால்தான் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் எந்த மாவட்டக் கோப்பைக் கேட்பது என்று தெரியும்.

பின்னணிக்கு அரசு அறிக்கைகள் இருக்கின்றன. மலாயாவிலிருந்த இந்திய அரசின் ஏஜெண்ட் ஆண்டுதோறும் எழுதியவை ஒருபுறம், 1937இல் வெளியான சீனிவாச சாஸ்திரியின் அறிக்கை மறுபுறம். கூலி விகிதத்தையும் குடியிருப்பையும் மருத்துவத்தையும் அவற்றில் பார்க்கலாம். ஆனால் அவை கூட்டத்தைப் பற்றிப் பேசுபவை. தனி மனிதரை அவற்றுக்குள் கொண்டுபோய் நிறுத்த வேண்டியது குடும்பக் காகிதம்.

பத்து ஆராங்கின் பிறப்புப் பதிவேடுகள் ஆய்வாளர் உட்கார்ந்து புரட்டும்படி திறந்து கிடப்பவை அல்ல. பிரதிகளோ பிடோக்கிலும் ஈசூனிலும் ஜூரோங்கிலும் வீடுவீடாகச் சிதறிக் கிடக்கின்றன. கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையமும் கேனிங் ரைசில் உள்ள தேசிய ஆவணக் காப்பகமும் இவற்றின் படிகளைத் திரட்டலாம். திரட்டும்போது பிள்ளையின் பெயரின் கீழ் மட்டும் அட்டவணைப்படுத்தினால் பயன் பாதிதான். பிறந்த இடம், தகப்பன் தொழில், தாயின் பெயர் ஆகிய மூன்றின் கீழும் பதிய வேண்டும். அப்போதுதான் பத்து ஆராங் என்று தேடுகிறவர் கையில் ஒரு குடும்பம் மட்டுமல்ல, அந்த லயத்தில் அடுத்தடுத்து வாழ்ந்த குடும்பங்களும் சேர்ந்து கிடைக்கும்.