குழந்தைகளின் உறக்கமும் நடத்தையும்: கோலியர்ஸ் வுட்

கோலியர்ஸ் வுட், தென் லண்டனில் மெர்ட்டன் நகராட்சிக்கு உட்பட்ட பகுதி. நார்தர்ன் பாதாள ரயில் தடத்தில் டூட்டிங் பிராட்வேக்கு அடுத்த நிலையம். இப்பகுதியிலும் அண்டையிலுள்ள டூட்டிங், மிச்சம் பகுதிகளிலும் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. குழந்தை எப்போது படுக்கிறது என்பதற்கும் பகலில் எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கும் உள்ள உறவை விரிவாக ஆராய்ந்தவர்களும் லண்டன் ஆய்வாளர்கள்தான்.

2000–2002இல் பிரிட்டனில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் மில்லேனியம் கோஹார்ட் ஆய்வின் தரவுகளைக் கொண்டு, லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த இவோன் கெல்லி குழுவினர் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஏழு வயதுப் பிள்ளைகள் 10,230 பேர் அதில் இடம்பெற்றனர். மூன்று, ஐந்து, ஏழு வயதுகளில் அவர்கள் உறங்கப் போன நேரம் பெற்றோரிடம் கேட்டறியப்பட்டது. நடத்தையைத் தாயும் ஆசிரியரும் தனித்தனியே மதிப்பிட்டனர். நினைத்த நேரத்தில் படுத்த பிள்ளைகளிடம் அடம், அமைதியின்மை, சக பிள்ளைகளோடு பிணக்கு, மனவாட்டம் ஆகியவை கூடுதலாக இருந்தன. ஒழுங்கின்மை நீடித்த அளவுக்குச் சிக்கலும் கூடியது. பெற்றோர் முக்கியமாக அறிய வேண்டியது இதற்கு அடுத்த முடிவு: இடையில் ஒழுங்கான நேரத்துக்கு மாறிய பிள்ளைகளின் நடத்தை தேறியது. ஒழுங்கற்ற உறக்கம் வருமானக் குறைவுள்ள வீடுகளில் அதிகம் என்பதும் தெரிந்தது. அதைக் கணக்கில் எடுத்த பின்னும் இந்தத் தொடர்பு மறையவில்லை.

இது கண்காணிப்பு ஆய்வு. எது காரணம், எது விளைவு என்று அறுதியிட்டுச் சொல்லாது. இக்குறையை ஓரளவு நிரப்புவது, 2012இல் மொன்றியலில் ரெயுட் க்ரூபர் குழுவினர் 7–11 வயதுப் பிள்ளைகள் 34 பேரிடம் நடத்திய சோதனை. ஐந்து இரவுகள் சிலருக்கு உறக்கம் கூட்டப்பட்டது, சிலருக்குக் குறைக்கப்பட்டது. கூடியது சராசரியாக அரை மணிக்கும் சற்றுக் குறைவே. ஆயினும், யாருக்குக் கூடியது என்று அறியாத ஆசிரியர்களே உறக்கம் கூடிய பிள்ளைகளின் அமைதியின்மையும் உணர்ச்சித் தடுமாற்றமும் தணிந்ததாகக் குறித்தனர். உறக்கம் குறைந்தவர்களிடம் அவை மோசமாயின. தூக்கம் போதாத குழந்தை பெரியவர்களைப் போலச் சோர்ந்து கிடப்பதில்லை; ஓடும், கத்தும், சின்ன விஷயத்துக்கும் அழும். அதனால்தான் அது பலமுறை குறும்பென்று தண்டிக்கப்படுகிறது. இது வருந்தத்தக்கது.

லண்டனில் வெளிச்சமும் ஒரு தடை. யாழ்ப்பாணத்தில் சூரியன் மறையும் நேரம் ஆண்டு முழுதும் ஒரு மணி நேரத்துக்குள்தான் மாறும். கோலியர்ஸ் வுட்டில் ஜூன் மாதம் இரவு 9.20 மணியளவில்தான் மறைகிறது. டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே மறைந்துவிடும். வெளிச்சம், உறக்கத்துக்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலட்டோனின் சுரப்பைத் தள்ளிப்போடுவதால், கோடையில் தடித்த திரைச்சீலை தேவைப்படுகிறது. கடையிலோ பெட்ரோல் நிலையத்திலோ பின்னேர வேலை முடித்து அப்பா வரும்வரை பிள்ளை விழித்திருப்பது தமிழ் வீடுகளில் வழக்கம்; இரவுச் சாப்பாடும் பிந்தும். அந்தப் பாசத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அப்பாவோடு இருக்கும் நேரத்தைக் காலைக்கு மாற்றலாம். பிள்ளைக்கு மட்டும் ஆறு மணிக்கே சோறு கொடுக்கலாம்.

அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் 3–5 வயதுக்குப் பகல் தூக்கம் சேர்த்து 10–13 மணி நேரமும், 6–12 வயதுக்கு 9–12 மணி நேரமும் பரிந்துரைத்தது. நேரத்துக்குப் படுத்தும் பிள்ளை இரவில் வழக்கமாகக் குறட்டை விட்டாலோ மூச்சுத் திணறினாலோ டான்சில், அடினாய்டு வீக்கம் காரணமாக இருக்கலாம். குடும்ப மருத்துவரிடம் காட்ட வேண்டும்.